மாலை அறிக்கையை எப்படிப் படிப்பது? கொரோனா மாவட்டக் கணக்கு பற்றிய கேள்வி பதில்

கொரோனா ஆண்டுகளில் தமிழக சுகாதாரத் துறை மாலைதோறும் வெளியிட்ட அறிக்கையை மாவட்டவாரியாக எக்செல்லில் ஏற்றி வைத்திருக்கிறேன். அந்தக் கணக்கைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதற்கு வந்த கேள்விகள் இவை. நான் மருத்துவன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தஞ்சாவூர், கல்லூரி மாணவி: "இன்று சென்னையில் இத்தனை பேருக்குத் தொற்று" என்று வந்ததே, அது உண்மையில் எந்த நாளின் எண்?

எல்லாக் குழப்பமும் இங்கேதான் தொடங்குகிறது, அதனால் விரிவாகவே சொல்கிறேன். ஒருவருக்குத் திங்கட்கிழமை காய்ச்சல் வருகிறது. இரண்டு நாள் மாத்திரை போட்டுப் பார்த்துவிட்டு வியாழக்கிழமை போய் மாதிரி கொடுக்கிறார். சோதனைக்கூடத்தில் தேங்கிக் கிடக்கும் மாதிரிகளைப் பொறுத்து வெள்ளியோ சனியோ முடிவு வருகிறது. அது ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தளத்தில் ஏறி, மாவட்டப் பட்டியலுக்குப் போய், முகவரி சரிபார்க்கப்பட்டு, ஞாயிறு மாலை அறிக்கையில் ஓர் எண்ணாகச் சேர்கிறது. அவருக்குத் தொற்றிய நாளோ அந்தத் திங்களுக்கும் சில நாள் முந்தையது. ஆக, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பார்ப்பது ஒரு வாரத்துக்கு முந்தைய ஊர். அறிவித்த தேதி வேறு, நடந்த தேதி வேறு. இதை இன்னும் பலமுறை சொல்லப்போகிறேன்.

அட்டவணையையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். ஆங்கில அகர வரிசையில் அரியலூரில் தொடங்கி விருதுநகரில் முடியும். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் உள்ளூரில் தொற்றியவர்கள், வெளியிலிருந்து வந்தவர்கள் என இரண்டு பிரிவு. ஒவ்வொன்றிலும் நேற்று வரை, இன்று என இரண்டு கட்டம். விருதுநகருக்குக் கீழே வெளிநாட்டு விமான நிலையக் கண்காணிப்பு, உள்நாட்டு விமான நிலையக் கண்காணிப்பு, ரயில் நிலையக் கண்காணிப்பு என்று மேலும் மூன்று வரிசைகள். மாவட்டங்களை மட்டும் கூட்டிவிட்டு "மாநில மொத்தத்தோடு பொருந்தவில்லை, அரசு ஏமாற்றுகிறது" என்று எழுதியவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றையும் விட்டவர்கள்.

கடலூர், வியாபாரி: 2020 மே தொடக்கத்தில் எங்கள் மாவட்டம் திடீரென்று எகிறியது. எங்கள் ஊரிலா அவ்வளவு பரவியது?

இல்லை. சென்னையின் கோயம்பேடு காய்கறிச் சந்தையில் தொற்றியது, உங்கள் ஊரில் எண்ணப்பட்டது. சந்தையில் மூட்டை தூக்கியவர்களும் கடைகளில் வேலை பார்த்தவர்களும் ஊர் திரும்பினார்கள். சொந்த ஊரில்தான் அவர்களைத் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். மே 4 அன்று மாநிலத்தில் 527 பேர். அதில் கடலூர் மட்டும் 122. அடுத்த நாளே சந்தையை மூடினார்கள். மே 6 அன்று அரியலூரில் 188. ஏழரை லட்சம் பேர் உள்ள மாவட்டத்துக்கு ஒரே நாளில் 188 என்றால் வரைபடத்தில் சுவர் எழும்பியது போலத்தான் தெரியும். அந்தச் சுவர் காட்டுவது பரவிய வேகத்தை அல்ல, ஊர் திரும்பியவர்களைச் சோதித்த வேகத்தை. அதிகாரிகள் ஒழுங்காக வேலை செய்ததால் வந்த எண் அது. அதைக் காட்டி அந்த மாவட்டத்துக்காரர்களை ஒதுக்கி வைத்தது பெரிய அநியாயம்.

மதுரை: பூஸ்டர் தடுப்பூசி இப்போது போட்டுக்கொள்ளலாமா?

மருத்துவரிடம் கேளுங்கள்.

திருப்பூர், பொறியாளர்: 2021 மே கடைசியில் கோவை சென்னையை முந்தியது என்றார்கள். எண்ணிக்கையில் மட்டுமா, மக்கள்தொகையோடு ஒப்பிட்டாலுமா?

மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் இன்னும் மோசம். மே 26 அன்று கோவையில் 4,200-க்கு மேல், சென்னையில் 3,500-ஐ ஒட்டி. கோவை மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 34.6 லட்சம். லட்சம் பேருக்கு 120-ஐத் தாண்டுகிறது. சென்னைக்கு எதால் வகுப்பீர்கள்? கணக்கெடுப்புப் புத்தகத்தில் 46.5 லட்சம் என்று இருக்கும். பலர் அதையே எடுத்து 75 என்று விடை சொன்னார்கள். ஆனால் 46.5 லட்சம் பழைய சென்னை மாவட்டத்துக்கான எண். 2018-இல் மாவட்ட எல்லையை மாநகராட்சியின் 426 சதுர கிலோமீட்டருக்கு விரித்துவிட்டார்கள். அந்த எல்லைக்குள் 2011-இலேயே சுமார் 67 லட்சம் பேர். அறிக்கையின் சென்னை இந்தப் புதிய சென்னை. 67-ஆல் வகுத்தால் 52 தான்.

என் இரண்டாவது எச்சரிக்கை இது: வகுக்கும் முன் எல்லையைப் பாருங்கள். 2019 நவம்பரில் தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பிரிந்தன. நான்கு மாதத்தில் தொற்று வந்துவிட்டது. பிரிக்கப்படாத காஞ்சிபுரத்தின் 40 லட்சத்தால் புதிய காஞ்சிபுரத்தின் தொற்றை வகுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். புதிய மாவட்டத்தில் 2011 கணக்குப்படி 11.66 லட்சம் பேர்தான். அப்படி வகுத்தால் விகிதம் உண்மையானதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. அந்தக் கணக்கை வைத்துப் போட்ட படம் பரவலாகப் பகிரப்பட்டது என்பது வேறு விஷயம்.

சென்னை: 2020 ஜூலை 22 அன்று ஒரே நாளில் 518 பேர் இறந்தார்களா?

இல்லை. அன்றைய அறிக்கையில் வழக்கமான கணக்கில் வந்தவை 74. மீதி 444, மார்ச் முதல் ஜூன் 10 வரை நடந்து, மாநிலப் பட்டியலில் ஏறாமல் விடுபட்டவை. மாநகராட்சியின் இறப்புப் பதிவேடும் மாநிலப் பட்டியலும் பொருந்தவில்லை என்று செய்தி வந்தபின் குழு அமைத்துச் சரிபார்த்துச் சேர்த்தார்கள். எக்செல்லில் அதை ஜூலை 22-இல் போட்டால் வரைபடம் கெடும், போடாவிட்டால் மொத்தம் கெடும். நான் தனி நெடுவரிசையில் வைத்திருக்கிறேன்.

விழுப்புரம், ஆசிரியர்: 2021-இல் தொற்று உச்சம் மே 21, 36,184 பேர். இறப்பு உச்சம் மே 30, 493 பேர். ஒன்பது நாளில் இறந்தார்கள் என்று கொள்ளலாமா?

கொள்ளக் கூடாது. நோய் முற்றி இறக்க நாளாகும் என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி என் பழைய பாட்டு: அறிவித்த தேதி வேறு. அறிக்கையின் பின்பக்கங்களில் ஒவ்வோர் இறப்புக்கும் ஒரு பத்தி இருக்கும். வயது, ஆணா பெண்ணா, மாவட்டம், இணைநோய், என்ன மருத்துவமனை, சேர்ந்த தேதி, இறந்த தேதி. முன்பக்க எண்ணோடு நிறுத்திக்கொள்ளாமல் அந்தப் பத்திகளைப் படியுங்கள். மே கடைசியில் வந்த பட்டியலில் பல நாள் முன்பே இறந்தவர்களும் இருப்பார்கள். பொறுமை இருந்தால் அந்தத் தேதிகளை வைத்து இறப்பு வரைபடத்தை நீங்களே புதிதாகப் போடலாம். இவ்வளவு விவரத்தைத் தினமும் வெளியிட்ட மாநிலங்கள் அதிகம் இல்லை. திட்டுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நாகர்கோவில்: 2021 ஆகஸ்ட் 25 அன்று கேரளத்தில் 31,445, தமிழகத்தில் இரண்டாயிரம் கூட இல்லை. நாம் எவ்வளவோ மேல் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

வேண்டும். 2021 ஜூன், ஜூலையில் ஐசிஎம்ஆர் நடத்திய நான்காவது ரத்த ஆய்வில் எதிர்ப்பணு (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் ஆன்டிபாடி) இருந்தவர்கள் தமிழகத்தில் 69.2 சதவீதம், கேரளத்தில் 44.4. தமிழகத்தின் ஏழரைக் கோடியில் அது ஐந்து கோடிக்கு மேல்; ஜூன் இறுதி வரை அறிவித்தது சுமார் 25 லட்சம். இருபது பேருக்குத் தொற்றினால் ஒருவரைத்தான் கண்டுபிடித்தோம். கேரளத்தின் மூன்றரைக் கோடியில் அது ஒன்றரைக் கோடி. அறிவித்தது சுமார் 29 லட்சம். ஐந்து பேரில் ஒருவர். ஆகஸ்டில் அவர்களுக்கு எண் பெருகியதற்குக் காரணம் தொற்றாதவர்கள் இன்னும் நிறைய மிச்சம் இருந்ததும், தொற்றியவர்களைத் தேடிப் பிடித்ததும். நமக்குக் குறைந்ததற்குக் காரணம் பெரும்பாலோருக்கு அதற்கு முன்பே வந்துவிட்டுப் போனது.

அதே வாசகர்: எதிர்ப்பணு தடுப்பூசியாலும் வருமே! உங்கள் கணக்கு தப்பு.

வரும். ஆறு வயதுக்குக் கீழ் உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதனால்தான் தோராயமாகச் சொன்னேன். ஆனால் தடுப்பூசியைக் கழிக்கத் தொடங்கினால் எந்தப் பக்கம் சாயும் என்று யோசித்தீர்களா? அந்த மாதங்களில் மக்கள்தொகை விகிதத்தில் தடுப்பூசி கூடுதலாகப் போட்டது கேரளம். அவர்களிடமிருந்துதான் அதிகம் கழிக்க வேண்டும். இடைவெளி இன்னும் விரியும்.

சேலம்: கேரளம் ஆன்டிஜென் என்ற உடனடிச் சோதனையை வைத்து எண்ணிக்கை காட்டியது. நாம் சோதனைக்கூடத்தில் செய்யும் ஆர்டி-பிசிஆர் மட்டும். இதைச் சொல்ல மாட்டீர்களே!

சொல்கிறேன். தமிழகம் ஆர்டி-பிசிஆரை மட்டுமே நம்பியது. அது துணிச்சலான, சரியான முடிவு. ஆன்டிஜென் சோதனை தொற்று உள்ளவர்களிலேயே பலரைத் தவறவிடும். அதனால்தான் இரண்டு மாநிலங்களின் சோதனை எண்ணிக்கையையும், சோதித்த நூறு பேரில் எத்தனை பேருக்குத் தொற்று என்ற விகிதத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது என்கிறேன். ஆனால் தவறவிடும் சோதனையை அதிகம் பயன்படுத்தியும் அவர்கள் கூடுதல் பங்கைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றால், உங்கள் வாதம் உங்களுக்கே எதிராக நிற்கிறது.

பாலக்காடு: ஆக, கேரளம்தான் சிறந்தது என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

அவசரப்படாதீர்கள். இறப்புகளில் ஒரு பகுதியைக் கேரளம் பிந்தித்தான் சேர்த்தது. 2021 அக்டோபர் முதல் ஆயிரக்கணக்கான பழைய இறப்புகள் தினசரிக் கணக்கில் ஏறின. அந்த மாதங்களின் கேரள இறப்பு வரைபடத்தை அப்படியே எடுத்து ஒருவர் "நான்காவது அலை" என்று எழுதினார். அறிவித்த தேதி வேறு, நடந்த தேதி வேறு. இரு மாநிலச் சண்டைக்கு இத்துடன் முற்றுப்புள்ளி. இதே பொருளில் வந்த மற்ற கேள்விகளை எடுத்துக்கொள்ளவில்லை.

ஈரோடு: என் தாத்தா 2021 மே மாதம் வீட்டிலேயே இறந்தார். சோதனையில் பாசிட்டிவ். சான்றிதழில் கொரோனா என்று இல்லை. அறிக்கையில் அவர் இருப்பாரா?

வருந்துகிறேன். அந்த அறிக்கையின் இறப்புப் பட்டியல் மருத்துவமனைகள் அனுப்பியதை வைத்து எழுதப்பட்டது. வீட்டில் இறந்தவர்கள் விடுபட்டிருக்க வாய்ப்பு அதிகம். சோதனையில் உறுதியாகி 30 நாளுக்குள் இறந்தால், வீட்டில் இறந்திருந்தாலும் கொரோனா இறப்பாகக் கொள்ளலாம் என்று 2021 செப்டம்பரில் மத்திய அரசு வழிகாட்டுதல் வந்தது. அதற்கு மாவட்ட அளவில் குழுக்கள் அமைத்தார்கள். 50,000 ரூபாய் உதவித்தொகையும் அந்த வழியில்தான் கிடைத்தது. இன்று உங்கள் மனுவுக்கு என்ன வழி என்பதை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். சோதனை முடிவுத் தாளையும் இறப்புச் சான்றிதழையும் கையோடு எடுத்துப் போங்கள்.

வேலூர், கரூர், இன்னும் சிலர்: அரசு எண்களை மறைத்ததா, இல்லையா? ஒரே வார்த்தையில்.

ஒரே வார்த்தையில் பதில் வேண்டுமென்றால் தொலைக்காட்சி விவாதத்துக்குப் போங்கள். எண் குறைவதற்கு நூறு வழிகள் உண்டு. சோதிக்காமல் விட்டால் குறையும். இணைநோயின் பெயரைச் சான்றிதழில் எழுதினால் குறையும். இரண்டு பதிவேடுகள் ஒன்றோடொன்று பேசாவிட்டால் குறையும். 2021 ஜூனில் பிகார் தன் மொத்த இறப்பை 5,458-லிருந்து 9,429 ஆக ஒரே நாளில் திருத்தியது. இந்தியா முழுமைக்கும் 2021 முடிவு வரை அரசு சொன்னது சுமார் 4.8 லட்சம், உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு 47 லட்சம். அந்த மதிப்பீட்டு முறையை இந்திய அரசு ஏற்கவில்லை. அரசு எண்தான் முழு உண்மை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் "மறைத்தார்கள்" என்றால் யார், எந்தப் பதிவேட்டில், எந்த வரிசையில் என்று காட்டுங்கள். சென்னையில் விடுபட்ட அந்த 444 அப்படிக் காட்டியதால்தான் வெளியே வந்தது.

திண்டுக்கல்: ஒரு மாவட்டத்தின் மொத்தம் நேற்றைவிட இன்று குறைந்திருந்தது. எப்படிச் சாத்தியம்?

அடிக்குறிப்பைப் படியுங்கள். முகவரி சரிபார்த்தபின் ஒருவரை வேறு மாவட்டத்துக்கோ வேறு மாநிலத்துக்கோ மாற்றியிருப்பார்கள்.

கோவை: லட்சம் பேருக்கு எத்தனை என்று கணக்கிட எந்த மக்கள்தொகையை எடுப்பது?

மேலே திருப்பூர்க்காரருக்குச் சொன்னேன்.

தூத்துக்குடி: செங்கல்பட்டுக்கு எந்த மக்கள்தொகை?

மேலே திருப்பூர்க்காரருக்குச் சொன்னதைப் படித்துவிட்டு, பிரிந்த செங்கல்பட்டின் எண்ணான சுமார் 25.5 லட்சத்தை எடுங்கள்.

புதுச்சேரி, ஆய்வு மாணவர்: பிடிஎஃப்களைத் தோண்டாமல் மாவட்டத் தரவு கிடைக்குமா?

கிடைக்கும். கோவிட்19இந்தியா என்ற தன்னார்வலர் குழு 2020 மார்ச்சில் தொடங்கி 2021 அக்டோபர் 31 வரை நாடு முழுவதுக்கும் மாவட்டவாரியாகத் தொகுத்தது. அவர்கள் விட்டுச்சென்ற கோப்புகளில் மாவட்ட அட்டவணை 2020 ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து இருக்கிறது. தெலங்கானா, அசாம் போன்ற சில மாநிலங்களின் மாவட்ட எண்களை நம்பி வேலை செய்யாதீர்கள். "மாவட்டம் தெரியாது" என்ற வரிசையில் ஏராளமானவர்கள் கிடப்பார்கள். அந்த அட்டவணையில் உள்ள அன்றுவரையான கூட்டுத்தொகையிலிருந்து அன்றாட எண்ணை நீங்களே கழித்து எடுக்க வேண்டும். கழிக்கும்போது மைனஸ் வந்தால் பதறாமல் திண்டுக்கல்காரருக்குச் சொன்னதைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சோதனை குறையும் என்பதால் ஏழு நாள் சராசரி போட்டபின்தான் எதையும் பேசவேண்டும்.

மயிலாடுதுறை: 2020 அட்டவணையில் எங்கள் மாவட்டத்தையே காணவில்லை!

உங்கள் மாவட்டம் செயல்படத் தொடங்கியதே 2020 டிசம்பர் 28 அன்றுதான். அதற்கு முன் நாகப்பட்டினத்தின் வரிசைக்குள் இருந்தீர்கள். 2020-க்கும் 2021-க்கும் சேர்த்து வரைபடம் போடுவதாக இருந்தால் இரண்டையும் கூட்டி ஒரே கோடாகப் போடுங்கள்.