லாகீசு மதிலும் 30 லட்சம் கல்லும்

வணக்கம் ஐயா,

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் லாகீசு முற்றுகைச் சிற்பங்களைப் பார்த்தேன். மதிலை இடிக்கும் வண்டிக்குள்ளிருந்து ஒருவன் நீளக் காம்பு அகப்பையால் எதையோ ஊற்றுகிறான். கொதிக்கும் எண்ணெய் என்றால் மதில்மேல் இருப்பவன் அல்லவா ஊற்றவேண்டும்? இன்னொரு சந்தேகம். சினிமாவில் வருவதுபோல ஏணி வைத்து ஏறித்தான் கோட்டைகளைப் பிடித்தார்களா?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

அவன் ஊற்றுவது தண்ணீர், அதுவும் தன் வண்டி மேலேயே. லாகீசு, இன்றைய இஸ்ரேல் பகுதியில் இருந்த பழைய யூதா நாட்டின் கோட்டை நகரம். அதை முற்றுகையிட்டவர்கள் மெசொப்பொத்தேமியாவின் அசீரியர்கள், வண்டியும் அவர்களுடையது. மரச்சட்டத்தின்மேல் தோல் போர்த்திய வண்டி அது. முன்னால் நீட்டிக்கொண்டிருப்பது மதில் கல்லைக் குத்திப் பெயர்க்கும் இடிதடி. மேலேயிருந்து யூதாவின் வீரர்கள் தீவட்டி தீவட்டியாக எறிகிறார்கள். தோலில் தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்கள் கதி அவ்வளவுதான். ஆகவே நனைத்துக்கொண்டே இருப்பதற்கென்று ஓர் ஆள். அரசன் புகழ் பாடும் அரண்மனைச் சுவரில் அவனையும் செதுக்கவேண்டும் என்று நினைத்த சிற்பியை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஏணியும் உண்டு, அசீரியர்களின் சிற்பங்களிலேயே இருக்கிறது. ஆனால் கி.மு. 701இல் லாகீசை வளைத்தபோது அசீரிய அரசன் சனகெரிப் நம்பியது கல்லை. ஊர் உயரமான மேட்டில் இருந்தது, சுற்றிலும் பள்ளம். தென்மேற்கு மூலையில் மட்டும் பக்கத்துக் குன்றோடு ஒட்டியிருந்தது. அந்த மூலையில், வண்டிகளை மதில்வரை தள்ளிக்கொண்டு போகும்படி கல்லைக் கொட்டிச் சாய்தளம் கட்டினார்கள். அதன் மிச்சம் இன்றும் அங்கே கிடக்கிறது. 1930களில் அகழ்ந்தவர்கள் அதை மதிலிலிருந்து சரிந்த கல் என்று எண்ணி ஒரு பகுதியை அள்ளி அப்புறப்படுத்திவிட்டார்கள்! பிற்பாடு தொல்லியலாளர் டேவிட் உசிஷ்கினின் குழு தோண்டியபோதுதான் விஷயம் தெளிவானது.

அண்மையில் சில ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒரு கல் சுமார் 6.5 கிலோ, மொத்தம் 30 லட்சம் கல். வரிசையாக ஆட்களை நிறுத்தி, கான்கிரீட் போடும் நாளில் சட்டி கைமாறுவதுபோலக் கல்லைக் கைமாற்றினால், இரவு பகலாகக் கல் போய்ச்சேர்ந்துகொண்டே இருக்கும். 25 நாளில் வேலை முடிந்துவிடும் என்கிறார்கள். சுமந்தவர்களில் போர்க்கைதிகளும் இருந்திருக்கலாம். வரிசையின் முன்முனையில் நின்றவன்பாடுதான் திண்டாட்டம். அவன் தலைக்கு நேர் மேலே எதிரி. அந்த மூலையில் கிடைத்த அம்புமுனைகள் மட்டும் கிட்டத்தட்ட ஆயிரம்.

உள்ளே இருந்தவர்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. வெளியே சாய்தளம் உயர உயர, அதே இடத்தில் மதிலுக்கு உட்புறம் மண்ணையும் கல்லையும் கொட்டி இன்னொரு மேடு எழுப்பினார்கள். மதில் விழுந்தாலும் பின்னால் நின்று சண்டை போட இடம் வேண்டுமே. இரும்புச் சங்கிலித் துண்டொன்றும் கிடைத்திருக்கிறது. இடிதடியைக் கொக்கிபோட்டு இழுக்க அதை இறக்கியிருப்பார்கள் என்பது உசிஷ்கினின் ஊகம். ஆக, இரு பக்கத்திலும் சிப்பாயின் பொழுதில் பாதிக்குமேல் சித்தாள் வேலைதான். கத்தியை உருவும் கட்டம் வருவதற்குள் முடிவு பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஊர் விழுந்த பிறகு நடந்ததைச் சிற்பத்திலேயே பார்த்திருப்பீர்கள்: கழுவேற்றப்பட்டவர்கள், மாட்டுவண்டியில் மூட்டைமேல் உட்கார்ந்து நாடுகடத்தப்படும் பெண்களும் குழந்தைகளும்.

எனக்குப் புதிராக இருப்பது வேறு. சனகெரிப் தன் வெற்றிகளைக் பல பக்கமுள்ள களிமண் பட்டகத்தில் எழுதிவைத்தான். யூதாவில் 46 மதிலூர்களைப் பிடித்தேன் என்கிறான், யூதாவின் அரசன் எசேக்கியாவை எருசலேமில் கூண்டுப் பறவைபோல அடைத்தேன் என்கிறான். லாகீசு என்ற பெயரே அதில் இல்லை. ஆனால் நினிவேயில் இருந்த அவனுடைய அரண்மனையில் ஓர் அறை முழுக்க லாகீசுதான். யூதாவின் தலைநகரான எருசலேமை அவன் பிடிக்கவில்லை, கப்பத்தோடு திரும்பினான். காட்டுவதற்குக் கையில் இருந்த பெரிய வெற்றி லாகீசு, அதனால் அதைச் சுவரேற்றிவிட்டான் என்றே நினைக்கிறேன். கப்பத்தில் தங்கம் 30 தாலந்து (தாலந்து பழங்கால எடையளவு) என்பதில் பைபிளும் பட்டகமும் ஒத்துப்போகின்றன. வெள்ளியில்தான் இடிக்கிறது: பைபிளில் 300, பட்டகத்தில் 800. அந்தப் பட்டகத்தின் ஒரு பிரதி அதே மியூசியத்தில் இருக்கிறது. அடுத்த முறை போகும்போது அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.