அந்தக் கறுப்புக் கவரைத் தூக்கியவர்

கேள்வி: எனக்கு 29 வயது. தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். 12 நாளுக்கு முன் நைட் டியூட்டியில் ஒரு நோயாளிக்கு ரத்தம் எடுத்துவிட்டு, ஊசிக்கு மூடி போடும்போது விரலில் குத்திவிட்டது. விரலைப் பிழிந்து ஸ்பிரிட் ஊற்றினேன். இன்சார்ஜ் சிஸ்டர் திட்டுவார் என்று யாரிடமும் சொல்லவில்லை. பயன்படுத்திய ஊசிகளைப் போடும் ஷார்ப்ஸ் டப்பா நிரம்பி வழிந்ததால் ஊசியை அப்படியே கறுப்புக் கவரில் போட்டேன். காலையில் ஆயா எடுத்துப் போய்விட்டார். அன்றிலிருந்து தூக்கமில்லை. 3 வயதில் மகள் இருக்கிறாள். கணவரிடம் சொல்லலாமா? மாமியாருக்குத் தெரிந்தால் வேலைக்கே விடமாட்டார்.
- பெயர் வேண்டாம், மதுரை

பதில்: கணவர், மகள், மாமியார், இன்சார்ஜ் சிஸ்டர் என்று எல்லோரையும் நினைத்திருக்கிறீர்கள். ‘காலையில் ஆயா எடுத்துப் போய்விட்டார்’ என்ற வரியை மட்டும் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். என்னால் தாண்ட முடியவில்லை.

ஏம்மா, கவர் நிறைந்திருந்தால் வாயைக் கட்டுவதற்கு முன் உள்ளங்கையால் அமுக்குவார்கள். தூக்கி நடக்கும்போது அது தொடையில் உரசும். இது தினமும் நீங்கள் பார்ப்பதுதானே? உங்களைக் குத்திய ஊசி, மூடியில்லாமல், உள்ளே ரத்தத்தோடு அதில் கிடந்தது. அதோடும் முடியவில்லை. கறுப்புக் கவர் சாதாரணக் குப்பையாகப் போகும். போகிற இடத்தில் கையால் பிரிப்பவர்களும் இருக்கிறார்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி காய்ந்த ரத்தத்தில்கூட 7 நாள் உயிரோடிருக்கும். அந்த நோயாளிக்கு அது இருந்து, தடுப்பூசி போடாத ஒருவரைக் குத்தினால், நூற்றில் 6 முதல் 30 பேருக்கு வரை தொற்றலாம். நீங்கள் இரவெல்லாம் பயப்படும் எச்.ஐ.வி ஆயிரத்தில் 3 பேருக்குத்தான். நர்சிங் படிக்கும்போதே உங்களுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 3 டோஸ் போட்டிருப்பார்கள். கவரைத் தூக்கியவருக்கு?

அவர் உங்களை ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுகிறார். உங்களுக்கு மகள் இருப்பதுபோல அவருக்கும் வீட்டில் யாரோ காத்திருப்பார்கள். உங்கள் மகளுக்காகக் கலங்குகிற மனசு அந்த வீட்டுக்காகவும் கலங்கியிருக்க வேண்டும். பயத்தில் செய்துவிட்டீர்கள், புரிகிறது. ஆனால் 12 நாளாகச் சும்மா இருந்ததற்குப் பயம் காரணமாகாது. குற்றம் உங்களுடையது மட்டுமல்ல. டப்பா முக்கால் நிரம்பும்போதே மாற்றியிருக்க வேண்டியது நிர்வாகம். குப்பை அள்ளுபவர்களுக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட வேண்டும் என்று 2016 மருத்துவக் கழிவு விதிகள் சொல்கின்றன. ஒப்பந்த ஆள் என்று தட்டிக்கழிக்க முடியாது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எச்.ஐ.வி தடுப்பு மாத்திரையை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது; 72 மணி நேரம் தாண்டினால் தொடங்கிப் பயனில்லை. 28 நாள் சாப்பிடுகிற மாத்திரை அது. தன்னிடம் வேலை செய்பவர்களுக்கு அதைத் தருவது மருத்துவமனையின் கடமை என்று 2017 எச்.ஐ.வி சட்டமே சொல்கிறது. ஒரு திட்டுக்குப் பயந்து அதைக் கோட்டைவிட்டீர்கள். பிழிவதும் ஸ்பிரிட் ஊற்றுவதும் கூடாது, சோப்பும் தண்ணீரும் போதும் என்று நான் சொல்லியா தெரிய வேண்டும்? பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடக் கூடாது என்பதும் அப்படித்தான்.

இன்றே எச்.ஐ.வி, ஹெபடைடிஸ் பி, சி மூன்றுக்கும் ரத்தம் கொடுங்கள். எச்.ஐ.வி பரிசோதனை அரசு மருத்துவமனையில் உள்ள ஐ.சி.டி.சி எனும் ஆலோசனை, பரிசோதனை மையத்தில் இலவசம். 6 வாரத்திலும் 3 மாதத்திலும் மறுபடி. ஹெபடைடிஸ் சி-க்கு 6 மாதத்திலும் ஒருமுறை. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி பிடித்திருக்கிறதா என்று டைட்டரும், அதாவது ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியின் அளவும் பாருங்கள். அந்த நோயாளியின் முடிவுகளை டாக்டர் வழியாகக் கேளுங்கள்.

கணவரிடம் சொல்லியே ஆக வேண்டும், இன்று ராத்திரியே. முடிவுகள் வரும்வரை ஆணுறை வேண்டும். அது அவருடைய உடம்பையும் சேர்ந்த விஷயம், அவரிடம் மறைக்க உங்களுக்கு உரிமை இல்லை. மாமியாருக்கு எப்போது, எப்படிச் சொல்வது என்பதைக் கணவரிடமே விட்டுவிடுங்கள். மகளைத் தள்ளிப் படுக்க வைக்காதீர்கள். கட்டிப்பிடிப்பதாலும் ஒரே தட்டில் ஊட்டுவதாலும் எதுவும் வராது.

நாளைக்கு டியூட்டிக்குப் போனதும் இன்சார்ஜ் சிஸ்டரிடம் நடந்ததை எழுதிக் கொடுங்கள், கறுப்புக் கவரையும் சேர்த்து. அவர் திட்டட்டும். பிறகு அந்த அம்மாவைத் தேடிப் போய்க் கையில், காலில் ஏதாவது குத்தியதா என்று கேளுங்கள். குத்தியிருந்தால் நீங்களே கூட இருந்து ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். குத்தாவிட்டாலும் தடுப்பூசியின் முதல் டோஸ் போடாமல் விடாதீர்கள். போட்டதும் எனக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் அவருடைய பெயரும் இருக்கட்டும். இதில் ‘ஆயா’ என்று மட்டும்தான் இருக்கிறது.