புற்றுக்கட்டியை உறைய வைத்தால் எதிர்ப்புச் சக்தி தூண்டப்படுமா?

சிறுநீரகத்தில் 3 செ.மீ. கட்டி, உறைய வைத்து அழிக்கலாம் என்கிறார்கள். அதனால் எதிர்ப்புச் சக்தி கிளம்பி வேறு இடத்தில் உள்ள புற்றும் கரையுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்தச் சிகிச்சை நடக்கும் ஸ்கேன் அறையில்தான் எனக்கு வேலை. இந்த அளவுள்ள கட்டிக்கு இது நல்ல வழி. ஆனால் எதிர்ப்புச் சக்தியை நம்பி மட்டும் இதற்குச் சம்மதிக்காதீர்கள்.

கட்டிக்குள் செருகிய ஊசிகளின் முனையில், அழுத்தத்தில் இருக்கும் ஆர்கான் வாயுவை விரிய விடுவார்கள். விரியும்போது கடுங்குளிர் உண்டாகும். சி.டி. திரையில் ஊசியைச் சுற்றிக் கருமையாக ஒரு முட்டை வடிவம் மெல்லப் பெரிதாகும். அதுதான் பனிக்கட்டி. அதன் விளிம்பில் வெறும் 0 டிகிரிதான். புற்றுச்செல் நிச்சயமாகச் சாக மைனஸ் 40 வரை போக வேண்டும். அதனால் கட்டியின் ஓரத்தைத் தாண்டி 5 மி.மீ.க்கு மேல் பனி படர்ந்த பிறகுதான் நிறுத்துவார்கள். அப்புறம் உருக விட்டு, இன்னொரு முறை உறைய வைப்பார்கள்.

சரி, எதிர்ப்புச் சக்திக்கு வருகிறேன். சூட்டால் பொசுக்கினால் புரதங்கள் வெந்து உருமாறிவிடும். உறைந்து உடைந்த செல்லிலிருந்து அவை பெரும்பாலும் உருக்குலையாமல் வெளியே வரும். உடலின் காவல் செல்களான டென்ட்ரிடிக் செல்கள் அவற்றை எடுத்துப்போய், நிணநீர்க் கணுவில், புற்றைத் தாக்கும் வெள்ளணுக்களான டி செல்களுக்கு அடையாளம் காட்டும். அமெரிக்காவில் சோன்ஸ், ஆப்ளின், காண்டர் மூவரும் 1970-ல், புராஸ்டேட்டை உறைய வைத்த பிறகு சிலருக்குப் பரவியிருந்த கட்டிகளும் சுருங்கியதாக எழுதினார்கள். இந்த எதிர்பார்ப்பு வலுப்பெற்றது அங்கேதான்.

ஆனால் அப்படி நடப்பது அபூர்வம். பனியின் ஓரத்தில், குளிர் குறைந்த இடத்தில், பல செல்கள் சத்தமில்லாமல் தாமாகவே மடியும். அந்தச் சாவு எதிர்ப்புச் சக்தியை உசுப்பாது, சில நேரம் அடக்கியும் வைக்கும். புற்றும், டி செல்களின் மேல் தடைபோல் இருக்கும் பி.டி.-1 என்ற புரதம் வழியாக அவற்றின் கையைக் கட்டிப்போடும். அந்தக் கட்டை அவிழ்க்கும் பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் ஆய்வுகள் அதற்காகத்தான்.

எங்காவது பரவியிருந்தால், உறைய வைத்தாலே அதுவும் போய்விடும் என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். புற்றுநோய் மருத்துவர் ஒருவரையும் பாருங்கள். பரவாத கட்டி என்றால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: முன்பே பயாப்ஸி எடுப்பார்களா, குடல் அருகில் இருந்தால் அதை எப்படி விலக்கிக் காப்பார்கள், பிறகு ரத்தக்குழாயில் மருந்து ஏற்றி எடுக்கும் கான்ட்ராஸ்ட் ஸ்கேன் எப்போது? அந்த ஸ்கேனில் கட்டி இருந்த இடம் மருந்தை ஏற்று வெளுக்காமல் இருந்தால், அங்கே உயிருள்ள புற்று தென்படவில்லை என்று பொருள்.