ஓபன்சிவி பில்ட் பாதில 'கில்டு'னு நிக்குதா? ரேம் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

கடலூர் முதுநகர்லேர்ந்து ஃபைனல் இயர் படிக்கிற ஒரு தம்பி கேட்டிருக்கார்: "துறைமுகத்துல எடுத்த மீன் போட்டோக்களை வச்சு சிஃப்ட், சர்ஃப்னு போட்டோல அடையாளப் புள்ளி தேடுற ரெண்டு முறையையும் கம்பேர் பண்ற ப்ராஜெக்ட். பிப்ல (பைத்தான் பேக்கேஜ் இறக்குற கமாண்ட்) போட்ட ஓபன்சிவிங்கிற இமேஜ் லைப்ரரில சர்ஃப் ஓடல, அதனால சோர்ஸ் கோடை நானே கம்பைல் பண்ணி பில்ட் பண்றேன். உபுண்டு 22.04, 8 ஜிபி ரேம். பாதிக்கு மேல போய் 'கில்டு'னு நின்னுடுது, ஒருதடவை டெர்மினலே மூடிக்கிச்சு. ரேம் வாங்கணுமாண்ணா?"

வேணாம் தம்பி, காசை வச்சுக்கங்க. சோர்ஸ்லேர்ந்து பில்ட் பண்ண முடிவு பண்ணது சரிதான். சிஃப்ட்டோட பேட்டன்ட் 2020 மார்ச்ல முடிஞ்சதும் 4.4 வெர்ஷன்லயே அதை மெயினுக்குள்ள கொண்டு வந்துட்டாங்க, ஆனா சர்ஃப் இன்னும் கான்ட்ரிப்னு தனியா இருக்கிற எக்ஸ்ட்ரா மாட்யூல் ரெப்போல நான்ஃப்ரீ (பேட்டன்ட் சிக்கல் உள்ளது) பக்கம்தான் இருக்கு, பிப்ல வர்ற பேக்கேஜ்ல அதை ஆன் பண்ணித் தர்றதில்ல.

இப்ப அந்த 'கில்டு'. எங்க பாத்தாலும் மேக் கமாண்டுல ஜே-க்கு பக்கத்துல என்ப்ராக் போடச் சொல்லுவாங்க, அப்படின்னா உங்க சிபியுல எத்தனை த்ரெட் இருக்கோ அத்தனை ஃபைல் ஒரே நேரத்துல கம்பைல் ஆகும், 8 த்ரெட்னா 8 ஃபைல், சி ப்ளஸ் ப்ளஸ்ல டெம்ப்ளேட் நிறைய இருக்கிற ஃபைல் ஒண்ணே ஒரு ஜிபிக்கு மேல முழுங்கிடும், பக்கத்துல பிரவுசர் வேற திறந்திருக்கும், அப்புறம் 8 ஜிபி எங்க பத்தும்? கெர்னல் கம்பைலரைப் புடிச்சு கொன்னுடும். டெர்மினலே மூடிக்கிட்டது 22.04ல வர்ற, மெமரி நெருக்கடில ப்ராசஸை நிறுத்துற சிஸ்டம்டி ஊம்டி வேலையா இருக்கும், அது முழு விண்டோவையே தூக்கிடும். கெர்னல் கொன்னிருந்தா, டிமெசேஜ் போட்டுப் பாத்தீங்கன்னா 'அவுட் ஆஃப் மெமரி'ன்னு வரி இருக்கும். உங்க கோடுல தப்பு எதுவும் இல்ல.

ஒரு ஜாபுக்கு 2 ஜிபின்னு கணக்கு வச்சுக்கிட்டு ஜே 2, இல்லன்னா 3 போடுங்க. மெதுவாத்தான் போகும், ஆனா போய்ச் சேரும். ரேம் பத்தலன்னா டிஸ்க்ல எடம் குடுக்கிற ஸ்வாப்ஃபைல்னு ஒண்ணு ஏற்கனவே இருக்கும், அதைத் தொடாம வேற பேர்ல 8 ஜிபிக்கு புதுசா ஒண்ணு உருவாக்கி பர்மிஷன் 600 குடுத்து மேக்ஸ்வாப், ஸ்வாப்ஆன் பண்ணிடுங்க.

அதைவிட பெரிய லாபம் வேலையையே குறைக்கிறதுலதான் இருக்கு. டெஸ்ட், பெர்ஃப் டெஸ்ட், எக்ஸாம்பிள்ஸ் மூணையும் ஆஃப் பண்ணுங்க. பில்ட் லிஸ்ட்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதுல கோர், இம்ஜிப்ராக், இம்ஜ்கோடெக்ஸ், ஹைகுய், ஃபீச்சர்ஸ்2டி, எக்ஸ்ஃபீச்சர்ஸ்2டி, பைத்தான்3 இது மட்டும் குடுங்க, கூட வேணுங்கிற மாட்யூலை அதுவே இழுத்துக்கும். டிஎன்என், ஜிஏபிஐ மாதிரி கனமான மாட்யூல் எதுவும் உங்களுக்கு வேணாம்.

மேக் அடிக்கிறதுக்கு முன்னாடி பில்டுக்கு செட்டிங் போட ஓட்டுற சிமேக் கடைசில ஒரு நீளமான ரிப்போர்ட் குடுக்கும் பாருங்க, அதை யாருமே படிக்கிறதில்ல, பாதிப் பேர் நாள் முழுக்க பில்ட் பண்ணிட்டு அப்புறம் தலைல கை வச்சு உக்கார்றது இதனாலதான். நான்-ஃப்ரீ அல்காரிதம்ஸ் எஸ்ஸுன்னு இருக்கணும். குய் பக்கத்துல ஜிடிகே எஸ்ஸுன்னு இருக்கணும், இல்லன்னா பில்ட் முழுசா முடிஞ்சும் படத்தை விண்டோல காட்டுற இம்ஷோ மட்டும் வேலை செய்யாது, ஜிடிகே டெவ் பேக்கேஜ் போட்டுட்டு முதல்லேர்ந்து வரணும். பைத்தான் 3க்கு கீழ நம்பைங்கிற பைத்தான் லைப்ரரி பேர் தெரியணும், அது இல்லன்னா பைத்தான்3 மாட்யூலே அன்அவைலபிள் லிஸ்ட்டுக்குப் போயிடும்.

சர்ஃப் கேக்குறவங்களுக்குன்னே ஒரு தொல்லை இருக்கு. எக்ஸ்ஃபீச்சர்ஸ்2டி சில ஃபைலை சிமேக் ஓடும்போதே கிட்ஹப்லேர்ந்து இறக்கும், சில நெட்ல அந்த அட்ரஸ் ஓபன் ஆகாது, சிமேக் அதை ஒரு வார்னிங்கோட விட்டுட்டுப் போயிடும், அப்புறம் நடு பில்ட்ல, இறங்காம போன பூஸ்ட்டெஸ்க் ஃபைலைக் காணோம்னு நிக்கும். பில்ட் ஃபோல்டர்ல சிமேக் டவுன்லோட் லாக் இருக்கு, அதைத் திறந்து பாருங்க, ஃபெயில் ஆகியிருந்தா டிஎன்எஸ் மாத்தியோ வேற போன் ஹாட்ஸ்பாட்லயோ சிமேக்கை திரும்ப ஓட்டுங்க. ஓபன்சிவி மெயின், கான்ட்ரிப் ரெண்டு ரெப்போவும் ஒரே டேக்ல (வெர்ஷன்) இருக்கணும், ஒண்ணு 4.10.0ன்னா இன்னொண்ணும் அதேதான், டெப்த் 1 குடுத்து க்ளோன் பண்ணா டேட்டாவும் மிச்சம்.

கில்டு ஆனா ஃபோல்டரை அழிச்சுடாதீங்க, திரும்ப மேக் குடுத்தா விட்ட எடத்துலேர்ந்து போகும். ஐப்பசி கார்த்திகை மழைல நம்ம பக்கம் எப்ப கரண்ட் போகும்னு யாருக்குத் தெரியும், அப்படி நடுவுல ஆஃப் ஆயிட்டா மட்டும் ஏதாவது ஒரு ஆப்ஜெக்ட் ஃபைல் அரைகுறையா எழுதி நிக்கலாம், லிங்க் பண்ணும்போது ஃபைல் ட்ரங்கேட்டட்னு அதோட பேரைச் சொல்லும், அந்த ஒரு ஃபைலை மட்டும் டெலிட் பண்ணிட்டு மேக் அடிங்க போதும்.

இன்ஸ்டால் பண்ணதும் புது லைப்ரரியை சிஸ்டம் கண்டுபிடிக்கிறதுக்காக எல்டிகான்ஃபிக் ஒரு தடவை ஓட்டுங்க, பழைய பிப் ஓபன்சிவியையும் கண்டிப்பா எடுத்துடுங்க, இல்லன்னா பைத்தான் அதைத்தான் முதல்ல எடுக்கும். அப்புறமும் சர்ஃப் க்ரியேட் கூப்பிடும்போது 'பேட்டன்டட்'னு எரர் வந்தா, ஓடுறது பழைய காப்பியா இல்ல நான்ஃப்ரீ ஆன் ஆகாத பில்டான்னு பாருங்க, கெட்பில்ட்இன்ஃபர்மேஷன் பிரிண்ட் பண்ணா எதுன்னு தெரிஞ்சுடும்.