மனைப்பிரிவுக்குள் மழைநீர் வடிகால் கட்டிவிட்டால் போதாதா? வெளியே எதற்காகப் பார்க்க வேண்டும்?

வடிகாலைச் சாலையோரக் கால்வாயில் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள் என நினைக்கிறேன். முடியவில்லை. அந்தக் கால்வாய் உங்கள் நீரைத் தாங்குமா என்பதை முதலில் பாருங்கள்.

தென்சென்னைப் புறநகரில் வடிகால் ஆய்வுதான் என் தொழில். மிக்ஜாம் புயலுக்கு அடுத்த கோடையில், கீழ்க்கட்டளைப் பக்கம் ஐந்து ஏக்கர் மனைப்பிரிவு ஒன்றுக்கு அழைத்தார்கள். "உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது சார், கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்றார் மேலாளர். நான் நீர் வெளியேறும் இடத்திலிருந்து பள்ளத்தை நோக்கி நடந்தேன். முதல் இரண்டு தெருக்களில் கால்வாய் அகலமாகவே இருந்தது. அடுத்த சாலையின் சிறுபாலத்தில் பாதி உயரத்துக்கு மண். மீதியில் குடிநீர்க் குழாயும் கேபிள்களும் குறுக்கே ஓடின. அதை ஒட்டிய வீட்டுச் சுவரில் இடுப்பளவு வெள்ளக் கறை. "2015-லும் வந்தது, இப்போதும் வந்தது தம்பி" என்றார் அந்த வீட்டு அம்மா.

வெறும் தரையாக இருந்தபோது மழையில் பத்தில் மூன்று பங்கு ஓடும். கூரையும் சிமென்ட் சாலையும் வந்தபின் எட்டுப் பங்கு ஓடும் என்று கொண்டேன். மணிக்கு 60 மில்லிமீட்டர் மழையில், நொடிக்கு 100 லிட்டராக இருந்த நீர் ஏறத்தாழ 270 லிட்டர் ஆகிறது. அந்தக் கூடுதல் நீர் அந்த அம்மாவின் வீட்டுக்குள்தான் போகும். ஒரு மணி நேரத்துக்குத் தேக்கி மெல்ல விடவே 600 கனமீட்டர் கொள்ளும் குளம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். நான்கு மனைகள் போகின்றன என்று கொதித்தார்கள்.

சிறுபாலத்தைத் தூர்வாருவது அரசின் கடமைதானே என்று இங்கே சிலர் எழுதுவார்கள். கடமைதான், மறுக்கவில்லை. ஆனால் நீரைப் பெருக்கியவர் யார்? வீடு கட்டுவதற்கு நான் எதிரி அல்ல; என் வருமானமே அதில்தான்.

கால்வாய் காலியாக இருப்பதாக வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அந்தப் பகுதி நீர் நாராயணபுரம் ஏரி, பள்ளிக்கரணைச் சதுப்பு, ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாக முட்டுக்காட்டில் கடல் சேர வேண்டும். சதுப்பு நிறைந்து, கடலும் ஏற்றத்தில் இருந்தால் மேலே உள்ள நீர் நகராது.

அவர்கள் கடைசியில் குளத்தை வெட்டினார்கள். என் கட்டணத்தில் பாதி இன்னும் வரவில்லை. விளம்பரத்துக்கு நீச்சல்குளமும் தென்னைகளும் வரைந்தவருக்கு முன்பணமாகவே முழுத்தொகையும் போயிற்று! வெயிலில் அளவுகோல் பிடித்த என் உதவியாளருக்கு நான்தான் கைப்பணம் கொடுத்தேன். இந்தத் தொழிலில் பலருக்கும் இதே கதை.

நீங்கள் கிராம வரைபடத்தை வாங்கி, பழைய ஓடை எங்கே இருந்தது என்று முதலில் பாருங்கள். ஆய்வாளர் எந்த இடம் வரை நடந்தார், எந்தச் சிறுபாலத்தை அளந்தார் என்பதை எழுத்தில் கேளுங்கள். அவர் கூலியையும் அன்றே கொடுத்துவிடுங்கள்.