கணினியா, கொன்சோலா? திருகோணமலையில் கேட்ட கேள்விகளும் பதில்களும்

ஏ.எல் முடிவு வந்தாலும் சரி, வெளிநாட்டிலிருந்து யாராவது விடுமுறைக்கு வந்தாலும் சரி, அடுத்த கிழமையே இந்தக் கேள்வி எங்கள் கடைக்கு வந்துவிடும். டவுனில் கணினி, கொன்சோல் (டிவியில் இணைத்துக் கேம் விளையாடும் பெட்டி) இரண்டையும் திருத்துகிறவன் நான். அதனால் எந்தப் பக்கத்துக்கும் வக்கீல் இல்லை. கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

உவர்மலையிலிருந்து: ஏ.எல் முடித்துவிட்டேன் அண்ணா. கம்பஸ் போகக் காலம் இருக்கிறது. அப்பா ஒன்றுதான் வாங்கித் தருவாராம். பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) கொன்சோலா, கேமிங் கணினியா?

கம்பஸில் என்ன படிக்கப் போகிறீர்கள் என்று சொல்லவில்லையே தம்பி. பொறியியல், ஐ.டி., வடிவமைப்பு என்றால் எப்படியும் ஒரு கணினி வாங்கத்தான் வேண்டும். அதையே கேமுக்கும் ஏற்றதாக வாங்கிவிடுங்கள். அப்பாவிடம் சொல்லவும் நல்ல காரணம்.

படிப்புக்குக் கணினி தேவையில்லை என்றால் கணக்கு வேறு. பெட்டியின் விலையை மட்டும் பார்த்தால் பிஎஸ்5தான் வெல்லும். அதே தரத்தில் படம் தரும் கணினியை அந்தக் காசுக்குக் கட்ட முடியாது. கொன்சோல் கம்பனிகள் பெட்டியில் பெரிய லாபம் பார்ப்பதில்லை, கேமிலும் சந்தாவிலும் எடுத்துக்கொள்கின்றன. புதிய பெரிய கேம் ஒன்று 70 டொலர் வரை போகிறது. காசு கொடுத்து வாங்கிய கேமை ஒன்லைனில் நண்பர்களோடு விளையாட பிஎஸ் பிளஸ் சந்தாவும் கட்ட வேண்டும். கணினியில் அந்தச் சந்தா இல்லை. கணினிக் கேம் விற்கும் ஒன்லைன் கடையான ஸ்டீமில் கழிவு விற்பனை அடிக்கடி வரும், அதேபோன்ற எபிக் கடை கிழமைதோறும் இலவசமாக ஏதாவது தரும். அதனால் மூன்று வருடத்துக்கு எத்தனை கேம் வாங்குவீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். பெட்டியில் மிச்சம் பிடித்த காசு பெரும்பாலும் அங்கே போய்விடும்.

ஒரேயொரு விஷயம் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கும்: டிஸ்க். உங்கள் வட்டத்தில் மூன்று நான்கு பேரிடம் பிஎஸ்5 இருந்தால், ஒருவர் வாங்கும் டிஸ்க் எல்லா வீட்டுக்கும் போய்வரும். முடித்த பிறகு விற்கவும் செய்யலாம். கணினிக் கேமை அப்படி விற்க முடியாது, அது கடைசிவரை உங்கள் கணக்கிலேயே கிடக்கும். எனவே கொன்சோல்தான் என்று முடிவெடுத்தால் டிஸ்க் போடும் மொடலையே எடுங்கள். டிஸ்க் போட இடமில்லாத டிஜிட்டல் மொடல் கொஞ்சம் மலிவு என்று ஆசைப்படாதீர்கள்.

விலை இறங்கட்டும் என்று காத்திருப்பதில் இந்த முறை பயனில்லை. முந்தைய தலைமுறைகளில் வருடம் போகப் போக விலை குறைந்தது. பிஎஸ்5 2020 நவம்பரில் அமெரிக்காவில் 499 டொலருக்கு வந்தது. ஐந்து வருடம் கழித்து, 2025 ஆகஸ்டில், அங்கேயே 50 டொலர் கூட்டினார்கள்.

கிண்ணியாவிலிருந்து: நானா கட்டாரிலிருந்து பிஎஸ்5 கொண்டுவருகிறார். இங்கே வேலை செய்யுமா? எந்த நாட்டுக் கணக்கு திறப்பது?

மெஷின் வேலை செய்யும். உள்ளேயிருக்கும் பவர் சப்ளை 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். டிஸ்க்குகளுக்கும் நாட்டுப் பூட்டு இல்லை.

சிக்கல் கணக்கில்தான். கேம் வாங்கவும் ஒன்லைனில் ஆடவும் வேண்டிய பிளேஸ்டேஷன் நெட்வேர்க் கணக்குக்கான நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. இங்கே எல்லோரும் இந்தியா, அமெரிக்கா, வளைகுடா என்று ஏதாவது ஒரு நாட்டைப் போட்டுத்தான் ஓட்டுகிறார்கள். இது அந்தக் கம்பனியின் விதிக்கு ஒத்த வழி அல்ல என்பதைத் தெரிந்துகொண்டே செய்யுங்கள். ஒருமுறை போட்ட நாட்டைப் பிறகு மாற்ற முடியாது. எங்கள் வங்கிக் காட்டைப் பல நேரம் ஏற்காது, அந்தந்த நாட்டுக் கிஃப்ட் காட்டைத்தான் வாங்கிப் போட வேண்டும். ஆகவே தம்பி, எந்த நாட்டுக் காட் உங்களுக்குச் சுலபமாகக் கிடைக்கும் என்று பார்த்துவிட்டு நாட்டைத் தெரிவுசெய்யுங்கள். நானா அங்கேயே இருக்கப் போகிறார் என்றால் கட்டார் கணக்கே வசதி. இன்னொன்று: டிஸ்க் எந்தப் பிராந்தியத்துக்கு உரியதோ, அதற்கான மேலதிகப் பகுதிகளையும் அதே பிராந்தியக் கணக்கில்தான் வாங்க வேண்டும். டிஸ்க் ஓடும், ஆனால் மேலதிகப் பகுதி விஷயத்தில் கட்டார் டிஸ்க்கும் அமெரிக்கக் கணக்கும் ஒத்துப்போகாது.

ஜப்பானிலிருந்து கொண்டுவருகிறவர்களுக்கும் ஒரு சொல். 2025 நவம்பரில் ஜப்பானுக்கென்று மலிவான டிஜிட்டல் பிஎஸ்5 ஒன்று வந்தது. அதில் மொழி ஜப்பானியம் மட்டும், ஜப்பான் கணக்குத்தான் வேண்டும். விலையைப் பார்த்து மயங்க வேண்டாம்.

ஸ்டீம் இந்த விஷயத்தில் தலைவலி இல்லாதது. இலங்கைக் கணக்கை நேராகத் திறக்கலாம், விலை டொலரில் வரும்.

நிலாவெளியிலிருந்து: கடற்கரையில் சிறிய விருந்தினர் விடுதி நடத்துகிறோம். பொது அறையில் வைக்க எது நல்லது? உப்புக்காற்று எதையும் விட்டு வைப்பதில்லை.

வருகிறவர்கள் சோபாவில் இருந்து விளையாடப் போகிறார்கள், யாரும் அமைப்புகளுக்குள் போய்க் குடையக் கூடாது. அதற்குக் கொன்சோல்தான்.

உப்புக்கு இரண்டும் ஒன்றுதான். உங்கள் பக்கத்திலிருந்து வரும் கணினிகளைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது ஸ்க்ரூத் தலைகளில் செம்மண் நிறத் துரு. அடுத்தது, வெப்பம் கடத்தும் செப்புக் குழாயில் பச்சைப் படலம். அலுமினியத் தகடுகளுக்கு நடுவே வெள்ளைத் தூள் பூத்திருக்கும். விசிறியைக் கையால் சுற்றினால் கரகரவென்று மணல் சத்தம். கணினியில் இதெல்லாம் துண்டு துண்டாக மாற்றக்கூடியவை. விசிறி போனால் விசிறி, பவர் சப்ளை போனால் பவர் சப்ளை.

பிஎஸ்5 அப்படியல்ல. அதன் சிப்புக்கும் வெப்பத் தகட்டுக்கும் நடுவே இருப்பது சாதாரணப் பசை இல்லை, திரவ உலோகம். மின்சாரம் கடத்தும். பழக்கமில்லாத கை திறந்து, அது போர்டில் ஒரு சொட்டு வழிந்தாலே மெஷின் முடிந்தது. வீட்டில் செய்யக்கூடியது ஒன்று: பக்க மூடிகளைக் கருவி இல்லாமல் கழற்றலாம். உள்ளே தூசி சேரும் துளைகள் தெரியும். வெக்குவம் கிளீனரை அதில் வைத்து இழுங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இதை அடிக்கடி செய்யுங்கள். கடல் பக்க ஜன்னலுக்கு நேரே மட்டும் வைக்காதீர்கள்.

பாலையூற்றிலிருந்து: மகன் பின்னேரம் முழுக்க விளையாடுகிறான். கரண்ட் பில்லுக்கு எது மோசம்? மின்வெட்டில் பழுதாகுமா?

அக்கா, பிஎஸ்5 பெரிய கேம் ஓடும்போது ஏறத்தாழ 200 வாட் எடுக்கும். நாளுக்கு மூன்று மணித்தியாலம் என்றால் மாதம் 18 அலகு, டிவி தனி. நடுத்தரக் கேமிங் கணினி இதைவிடக் கூட எடுக்கும். இன்னொரு கொன்சோலான எக்ஸ்பொக்ஸ் சீரீஸ் எஸ் நூறு வாட்டுக்கும் கீழே. 18 அலகு சின்னதாகத் தெரியும், ஆனால் பில்லை அடுத்த படிக்குத் தள்ளினால் எல்லாமே ஏறும். மீட்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்வெட்டைவிட, வெட்டு முடிந்து கரண்ட் வரும் நொடிதான் எனக்குப் பயம். 650 விஏ யூபிஎஸ் ஒன்று போடுங்கள். விளையாட்டைத் தொடர்வதற்கல்ல, சேமித்துவிட்டு ஒழுங்காக அணைப்பதற்கு. கொன்சோலை முழுதாக அணைக்காமல் ரெஸ்ட் மோட்டில் விட்டுவிட்டுத் தூங்கப் போகிற பழக்கத்தையும் மகன் விட வேண்டும். அப்படிக் கிடக்கும்போது கரண்ட் போனால், எழுதிக்கொண்டிருந்த தரவு கெடலாம்.

தம்பலகாமத்திலிருந்து: வலோரன்ட் விளையாட பிங் எதில் குறைவு?

பிங் என்பது உங்கள் மெஷினிலிருந்து கேம் சேர்வருக்குத் தகவல் போய்வர எடுக்கும் நேரம். அது மெஷினில் இல்லை, இணைப்பில் இருக்கிறது. மும்பை அல்லது சிங்கப்பூர் சேர்வரைத் தெரிவுசெய்து, வைஃபையை விட்டுவிட்டுக் கேபிள் போடுங்கள். வலோரன்ட் ஒன்லைனில் அணியாக ஆடும் துப்பாக்கிக் கேம், அதற்குக் கணினிதான். 2024இல் கொன்சோலுக்கும் வந்தது, ஆனால் கொன்சோல்காரர் கணினிக்காரரோடு சேர்ந்து ஆட முடியாது. உங்கள் கூட்டாளிகள் கணினியில் இருந்தால் தனியாக நிற்பீர்கள். இந்தக் கேமுக்குப் பெரிய கணினியும் வேண்டாம். பழைய மதர்போர்டு வாங்கினால் மட்டும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்கிறதா என்று பாருங்கள், விண்டோஸ் 11இல் அது இல்லாமல் கேம் திறக்காது.

மூதூரிலிருந்து: ஜிடிஏ 6 எதில்?

அறிவித்திருப்பது பிஎஸ்5க்கும் எக்ஸ்பொக்ஸ் சீரீஸுக்கும் மட்டும். இதற்கு முந்தைய ஜிடிஏ 5 2013 செப்டெம்பரில் கொன்சோலுக்கு வந்து, கணினிக்கு 2015 ஏப்ரலில்தான் வந்தது. பொறுமை இருந்தால் கணினி.

சீனக்குடாவிலிருந்து: கொழும்பு யுனிட்டி பிளாசாவில் பாவித்த கிராஃபிக்ஸ் காட் மலிவாம். எடுக்கலாமா?

எடுக்கலாம், ஓட்டிப் பார்க்காமல் எடுக்காதீர்கள். ஈதீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தைக் கிராஃபிக்ஸ் காட்டை ஓட்டிச் சம்பாதிப்பார்கள், அதுதான் மைனிங். 2022 செப்டெம்பரில் ஈதீரியம் முறை மாறி அந்த வழி நின்றதும், இரவு பகலாக மைனிங்கில் ஓடிய காட்கள் சந்தைக்குக் குவிந்தன. சிப் பெரும்பாலும் தாங்கியிருக்கும், விசிறியும் நினைவகத்தின் மேலுள்ள, வெப்பம் கடத்தும் பேடும்தான் தேய்ந்திருக்கும். கடையிலேயே இருபது நிமிடம் பாரமான கேம் ஒன்றை ஓட்டி வெப்பநிலையைப் பாருங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் எழும்பி வந்துவிடுங்கள்.

அன்புவழிபுரத்திலிருந்து: வீட்டில் அளவான டேட்டா பக்கேஜ்தான். ஒரு கேம் 100 ஜிபி. என்ன செய்வது?

டிஸ்க் வாங்கினால் தப்பலாம் என்று நினைப்பார்கள், அப்டேட் வந்து இழுக்கும். இங்கே கணினிதான் கெட்டி. உங்களுடைய கேமையே நண்பனும் ஸ்டீமில் வாங்கியிருந்தால், இரண்டு கணினியையும் ஒரே ரவுட்டரில் சேருங்கள். 2023இலிருந்து ஸ்டீமே ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றித் தரும், இன்டர்நெட் டேட்டா பெரிதாகப் போகாது. பிஎஸ்5இல் வெளி ஹார்ட் டிஸ்க் வைத்து, விளையாடாத கேமை அங்கே தள்ளி வைக்கலாம். பிஎஸ்5 கேம் அதிலிருந்து நேரே ஓடாது, விளையாடும்போது உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். அதற்குச் சில நிமிடம் போகும், ஆனால் திரும்ப டவுன்லோட் பண்ண வேண்டாம். அழித்துவிட்டுத் திரும்ப இறக்கும் பழக்கம்தான் உங்கள் டேட்டாவைத் தின்கிறது.