ரேஞ்சில் நீட்டிய படிவம்: துப்பாக்கி உரிமைச் சங்கத்தில் சேரலாமா?

கேள்வி: டெக்சாஸ் மாநிலம் பிளேனோவில் இருக்கிறேன். வயது 44. இரண்டு வருடம் முன்பு கிரீன் கார்டு வந்தது. எங்கள் பகுதியில் மூன்று இந்தியக் குடும்பங்களின் வீடுகளில் அடுத்தடுத்து நகை திருடு போனதும், முறைப்படி ஒரு பிஸ்டல் வாங்கினேன். பயிற்சிக்குப் போகும் ரேஞ்சில் என்.ஆர்.ஏ. (நேஷனல் ரைஃபிள் அசோசியேஷன்) என்ற துப்பாக்கி உரிமைச் சங்கத்தின் உறுப்பினர் படிவத்தை நீட்டினார்கள். கூட வரும் நண்பர் “அது வேண்டாம், ஜி.ஓ.ஏ.வில் (கன் ஓனர்ஸ் ஆஃப் அமெரிக்கா) சேருங்கள்” என்கிறார். வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமை வேண்டும் என்பது என் எண்ணம். வாங்குகிற ஒவ்வொருவரையும் சோதித்துவிட்டுக் கொடுப்பதும் சரியென்றே படுகிறது. ஆறாவது படிக்கும் மகள், பள்ளியில் துப்பாக்கிக்காரன் நுழைந்தால் ஒளிந்துகொள்ளும் ஒத்திகை, லாக்டவுன் டிரில் என்று விளக்கை அணைத்து மூலையில் உட்கார வைத்த கதையைச் சொன்ன நாளிலிருந்து மனைவிக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை. எந்த அமைப்புக்குக் கொடுக்கலாம்? வரிவிலக்கு உண்டா? சிட்டிசன்ஷிப்புக்கு இடைஞ்சல் வருமா? அடுத்த மாதம் ஊரிலிருந்து அப்பா வருகிறார், ரிட்டயர்டு எஸ்.ஐ. அவரையும் ரேஞ்சுக்கு அழைத்துப்போய்க் காட்டிவிட்டு முடிவெடுக்கலாம் என்றிருக்கிறேன்.

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் அவசரம். அப்பாவின் கையில் துப்பாக்கியைக் கொடுக்காதீர்கள். சுற்றுலா விசாவில் வருகிறவர், எச்-1பி, எச்-4, எஃப்-1 விசாவில் இருப்பவர் யாரும் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்கிறது அமெரிக்க மத்தியச் சட்டம். ரேஞ்சில் பத்து நிமிடம் கையில் பிடித்தாலும் அது வைத்திருப்பதாகவே எடுத்துக்கொள்ளப்படலாம். தெரிந்தே கொடுத்த உங்கள் மீதும் வழக்கு வரலாம். அமெரிக்காவில் வழங்கிய, நடப்பில் உள்ள வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. அந்த வழியில் போக நினைத்தால் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். முப்பது வருடம் இடுப்பில் ரிவால்வர் கட்டியவரிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான். ஆனாலும் சொல்லிவிடுங்கள். நீங்கள் கிரீன் கார்டு வைத்திருப்பதால் உங்களுக்கு இந்தத் தடை இல்லை.

இனி நீங்கள் கேட்ட விஷயம். நான் வழக்கறிஞன் அல்ல, லாப நோக்கில்லாத அமைப்புகளின் கணக்கைத் தணிக்கை செய்பவன். இத்தனை வருடத்தில் கண்டது ஒன்று: ஒரு கொள்கை பிடித்துவிட்டால், அந்தக் கொள்கையின் பெயரைப் பலகையில் எழுதி வைத்திருக்கும் அமைப்பையும் மக்கள் கேள்வி கேட்காமல் நம்பிவிடுகிறார்கள். ‘உரிமை வேண்டுமா’ என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கிறது. ‘இந்த அமைப்புக்குப் பணம் கொடுக்கலாமா’ என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கான பதிலை அப்படியே இரண்டாவதற்கும் போட்டுவிடாதீர்கள்.

இரண்டும் வேறு என்பதற்குத் துப்பாக்கி வழக்குகளிலேயே நல்ல சாட்சி இருக்கிறது. வீட்டில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் ஹெல்லர் வழக்கில் 5-க்கு 4 என்று தீர்ப்பளித்தது. இன்று நீங்கள் அனுபவிக்கும் உரிமைக்கு அடித்தளம் அது. அந்த வழக்கை நடத்தியது என்.ஆர்.ஏ. அல்ல. ராபர்ட் லெவி என்ற வழக்கறிஞர் சொந்தக் காசைப் போட்டு நடத்தினார். அவரிடம் துப்பாக்கியே கிடையாது. தோற்றுவிடுமோ என்ற பயத்தில் என்.ஆர்.ஏ. தொடக்கத்தில் அந்த வழக்கை விரும்பவில்லை, பிறகுதான் ஆதரவாக வந்தது. இதற்கு நேர்மாறான கதை 2024-ல் நடந்தது. நியூயார்க் அதிகாரி ஒருவர், என்.ஆர்.ஏ.வோடு தொழில் செய்யாதீர்கள் என்று காப்பீட்டு நிறுவனங்களை நெருக்கினார் என்பது வழக்கு. உச்ச நீதிமன்றத்தில் என்.ஆர்.ஏ.வுக்காக நின்றது ஏ.சி.எல்.யூ. என்ற குடிமை உரிமைகள் அமைப்பு. துப்பாக்கிக் கொள்கையில் இவர்கள் எதிரெதிர்த் துருவம். ஆனாலும் பேச்சுரிமை என்று வந்தபோது கை கொடுத்தார்கள். ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக என்.ஆர்.ஏ. பக்கம் தீர்ப்பளித்தார்கள்.

என்.ஆர்.ஏ. 1871-ல் நியூயார்க்கில் தொடங்கியபோது அதன் வேலை குறிபார்த்துச் சுடப் பழக்குவது. உள்நாட்டுப் போரில் வீரர்கள் சுட்ட லட்சணத்தைப் பார்த்து நொந்துபோன இரண்டு முன்னாள் ராணுவ அதிகாரிகள் ஆரம்பித்தது. நூறு வருடம் ஏறக்குறைய அப்படியே ஓடியது. 1977-ல் சின்சினாட்டியில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில், அரசியல் போராட்டம்தான் முக்கியம் என்ற அணி விடிய விடிய நடந்த வாக்கெடுப்பில் நிர்வாகத்தைக் கைப்பற்றியது. இன்று நாம் பார்க்கும் என்.ஆர்.ஏ. அன்றைக்குப் பிறந்தது. பயிற்சி வகுப்பும் பயிற்றுநர் சான்றிதழும் இன்னும் இருக்கின்றன, தரமாகவும் இருக்கின்றன. உங்கள் ரேஞ்சில் படிவம் நீட்டுவதற்கு அந்தப் பழைய உறவுதான் காரணம்.

பணத்தை அந்த அமைப்பு எப்படிக் கையாண்டது? இதில் என் கருத்து தேவையில்லை, நீதிமன்றப் பதிவே இருக்கிறது. 1991 முதல் தலைமையில் இருந்த வேன் லாப்பியர் மீதும் அமைப்பின் மீதும் நியூயார்க் அட்டர்னி ஜெனரல் 2020-ல் வழக்குப் போட்டார். 2021-ல் அமைப்பு உங்கள் ஊர்ப்பக்கம் டாலஸில் திவால் மனு போட்டது. நல்லெண்ணத்தோடு போட்ட மனு அல்ல என்று நீதிபதி தள்ளிவிட்டார். 2024 பிப்ரவரியில் ஜூரி, லாப்பியர் சுமார் 43.5 லட்சம் டாலரைத் திருப்பித் தரவேண்டும் என்றது. தனி விமானப் பயணம், ஆடம்பரச் செலவு எல்லாம் விசாரணையில் வந்தன. சந்தா கட்டியவர்களில் லாரி ஓட்டுபவர்களும் பென்ஷன் வாங்குபவர்களும் உண்டு. அவர்கள் காசு அது. அந்த வழக்கு ஆவணங்களைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. துப்பாக்கி பற்றி என்ன கருத்து இருந்தாலும் இதில் கோபம் வரத்தான் வேண்டும்.

76 பேர் கொண்ட இயக்குநர் குழு இருந்தும் இது இத்தனை வருடம் நடந்தது. 2024 ஜனவரியில் லாப்பியர் விலகினார், சீர்திருத்த அணியினர் குழுவுக்குள் வந்தார்கள், 2024 மே மாதம் டக் ஹாம்லின் பொறுப்பேற்றார். மாற்றம் உண்மையா என்பதை அவர்கள் தரும் 990 படிவத்தில் நீங்களே பார்க்கலாம். வரிவிலக்கு பெற்ற இத்தகைய அமைப்புகள் வருடாவருடம் வருமான வரித்துறைக்குத் தரும் கணக்கு அது. ப்ரோபப்ளிகா தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். முழுவதையும் படிக்க வேண்டாம். ஏழாம் பகுதியில் யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று இருக்கும். ஒன்பதாம் பகுதியில் செலவை மூன்று பத்தியாகப் பிரித்திருப்பார்கள்: வேலைக்கு எவ்வளவு, நிர்வாகத்துக்கு எவ்வளவு, நன்கொடை திரட்டவே எவ்வளவு. ஆறாம் பகுதியில் ஐந்தாவது கேள்வியை நான் எப்போதும் முதலில் பார்ப்பேன். ‘சொத்து பெரிய அளவில் தவறான வழியில் போனது இந்த ஆண்டு தெரியவந்ததா’ என்பது கேள்வி. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அமைப்புகள் ‘இல்லை’ என்றுதான் எழுதும். என்.ஆர்.ஏ. 2019-ம் ஆண்டுப் படிவத்தில் ‘ஆம்’ என்று எழுதியது.

நண்பர் சொல்லும் ஜி.ஓ.ஏ. வேறு ரகம். 1970-களில் கலிஃபோர்னியா மாநில செனட்டர் எச்.எல். ரிச்சர்ட்சன் தொடங்கியது. சமரசமே கிடையாது என்பதே அவர்கள் அடையாளம். ஒரு உதாரணத்தில் வித்தியாசம் விளங்கிவிடும். 2017-ல் லாஸ் வேகாஸ் இசை நிகழ்ச்சியில் நடந்த படுகொலையில், துப்பாக்கியைப் படபடவென்று சுட வைக்கும் ‘பம்ப் ஸ்டாக்’ என்ற கருவி பயன்பட்டது. அதற்குக் கூடுதல் கட்டுப்பாடு வேண்டும் என்று என்.ஆர்.ஏ.வே சொன்னது. ஜி.ஓ.ஏ. எதிர்த்தது, தடை வந்தபோது நீதிமன்றம் போனது. என்.ஆர்.ஏ. இளகிவிட்டது என்று கோபப்படுகிறவர்களுக்கான வீடு அது. வாங்குபவரைச் சோதிப்பது சரி என்று எழுதியிருக்கிறீர்களே, அப்படி நினைப்பவருக்கான இடம் அல்ல.

சொல்லப்போனால் உங்கள் நடுநிலைக்கு இந்த இரண்டுமே பொருந்தாது. 2022-ல் உவால்டே பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்ட பிறகு, 21 வயதுக்குட்பட்டோர் வாங்கும்போது கூடுதல் சோதனை என்ற அளவில் ஒரு சட்டம் வந்தது. முன்னின்றவர்களில் ஒருவர் டெக்சாஸைச் சேர்ந்த அமெரிக்க செனட்டர் ஜான் கார்னின். அதற்காகச் சொந்தக் கட்சி மாநாட்டிலேயே கூச்சல் போட்டார்கள். என்.ஆர்.ஏ.வும் எதிர்த்தது, ஜி.ஓ.ஏ.வும் எதிர்த்தது. ‘எங்களுக்கு இத்தனை லட்சம் உறுப்பினர்’ என்று வாஷிங்டனில் சொல்லும்போது அந்த எண்ணில் நீங்களும் ஒருவர். பாதிக் கொள்கைக்கு மட்டும் உறுப்பினராக வழியில்லை. மனைவியிடம் இதை மறைக்காமல் பேசுங்கள்.

வழக்கு நடத்தும் அமைப்புகள் கொஞ்சம் வேறு. 1974 முதல் இயங்கும் செகண்ட் அமெண்ட்மென்ட் ஃபவுண்டேஷன் பெரும்பாலும் நீதிமன்றத்தில் வேலை செய்கிறது. மாநில அரசுகளையும் இந்த உரிமை கட்டுப்படுத்தும் என்ற 2010 மெக்டொனால்ட் தீர்ப்பில் அவர்கள் பங்கு பெரிது. எந்த வழக்குக்குப் பணம் போகிறது என்று மனுவைப் படித்துப் பார்க்கலாம் என்பது எனக்குப் பிடித்த அம்சம். ஆனால் வழக்குப் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். சில வழக்குகள் உங்களுக்கு உவக்காது. மினசோட்டாவில் 2016-ல் உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருந்த ஃபிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ் சுட்டுக் கொன்றபோது, என்.ஆர்.ஏ.வின் குரல் மிகத் தணிந்தே ஒலித்தது. நேஷனல் ஆஃப்ரிகன் அமெரிக்கன் கன் அசோசியேஷன் போன்ற அமைப்புகளை நோக்கிப் பலர் போனதற்கு அந்த வருத்தமும் ஒரு காரணம். நம் நிறத்தவர்களும் எண்ணிப் பார்க்க வேண்டிய சம்பவம்.

வரிவிலக்கு சுருக்கமாக. என்.ஆர்.ஏ., ஜி.ஓ.ஏ. இரண்டும் வரிச்சட்டத்தில் 501(சி)(4) என்ற வகை, சந்தாவுக்கும் நன்கொடைக்கும் விலக்கில்லை. செகண்ட் அமெண்ட்மென்ட் ஃபவுண்டேஷன், என்.ஆர்.ஏ. ஃபவுண்டேஷன் போன்றவை 501(சி)(3) என்ற அறக்கட்டளை வகை, விலக்கு உண்டு. ஆனால் செலவுகளைப் பட்டியலிடாமல் நிலையான கழிவு எனும் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் எடுக்கும் குடும்பத்துக்கு 2025 வரியாண்டில் இதில் பலன் இல்லை. 2026 வரியாண்டிலிருந்து தம்பதிக்கு 2,000 டாலர் வரை ரொக்க நன்கொடையைக் கழிக்கலாம். வேட்பாளர்களுக்குச் செலவழிக்கும் பி.ஏ.சி. தனி. கிரீன் கார்டு உள்ள நீங்கள் அதற்குக் கொடுக்கலாம். எச்-1பியில் இருக்கும் உங்கள் நண்பர்கள் ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது, அது சட்டமீறல்.

சிட்டிசன்ஷிப் விஷயத்தில், சட்டப்படி இயங்கும் சங்கத்தில் உறுப்பினராக இருப்பது தடையல்ல. நேர்காணலில் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். பயப்பட வேண்டியது வேறு இடத்தில். தேர்தல் காலத்தில் உறுப்பினர்களை வாக்காளராகப் பதிவு செய்யச் சொல்லி இந்த அமைப்புகள் தூண்டும். பதிவுப் படிவம் தபாலில் வந்ததே என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடாதீர்கள். குடிமகன் அல்லாதவர் குடிமகன் என்று எழுதினால் கிரீன் கார்டே போகும், நாடு கடத்தலும் நடக்கும். துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் 4473 படிவத்திலும் இதே கவனம் வேண்டும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த வருடம் எந்த அமைப்பிலும் உறுப்பினராக மாட்டேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள் நம் பெரியவர்கள். முதல் செலவு, விரல்ரேகையில் திறக்கும் ஒரு நல்ல லாக்கர். 2023-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர், அதில் 27,300 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். திருடனை நினைத்து வாங்கிய பிஸ்டல், மனம் உடைந்த ஒரு நாளில் வீட்டாரின் கைக்கே எட்டுகிறது. குண்டு நிரப்பிய துப்பாக்கியை அஜாக்கிரதையாக வைத்து, அது 17 வயதுக்குட்பட்டவர் கையில் சிக்கினால் டெக்சாஸில் குற்றமும்கூட. இரண்டாவது செலவு, ரேஞ்சிலேயே ஒரு பாதுகாப்புப் பயிற்சி வகுப்பு, முடிந்தால் மனைவியும் சேர்ந்து. கட்டாயமில்லை, அவர் வர விரும்பினால். மூன்றாவதாகப் பணம் மிஞ்சினால், உங்களுக்கு முழுமனதாக உடன்பாடான ஒரு வழக்கைத் தேர்ந்தெடுத்து, ஒரே தடவை காசோலையாகக் கொடுங்கள். மாதாமாதம் கார்டில் பிடிக்கும் திட்டம் வேண்டாம், நிறுத்துவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும்.

மனைவி எவ்ரிடவுன், பிரேடி போன்ற எதிர்த்தரப்பு அமைப்புகளுக்குக் கொடுக்க விரும்பினால், அவர்கள் 990 படிவத்தையும் இதே மூன்று பகுதிகளைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரும் சேர்ந்து படியுங்கள். கார்னினின் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதக் குடியுரிமை தேவையில்லை. சோதனையும் வேண்டும், உரிமையும் வேண்டும் என்று இங்கே பார்த்த எந்தச் சங்கமும் உங்களுக்காகச் சொல்லப்போவதில்லை, அந்தக் கடிதத்தில் நீங்களே சொல்லலாம்.